விதிப்படி ஒரு மோதல்

நவம்பர் மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, மாலை ஆறு மணியளவில், தென் லண்டனில் உள்ள ஒரு பனித்தளத்தில் லக்‌ஷன் தியாகராஜா இன்னொருவனை மோதி விழுத்தினான். விழுந்தவன் எழும்பவில்லை. விழுத்தியவனுக்கு வயது இருபத்திரண்டு, விழுந்தவனுக்கு இருபது. நடுவர் விசில் ஊதியது அடிபட்டவனுக்காகத்தான், குற்றத்துக்காக அல்ல. மோதல் விதிப்படி சரியாகவே இருந்தது.

லக்‌ஷன் சுவீடனில் பிறந்தவன். நாட்டின் வடக்கே, ஒரு கடதாசி ஆலையை நம்பி இருக்கும் சிறு நகரத்தில் அவர்களுடையது மட்டுமே தமிழ்க் குடும்பம். தகப்பன் தியாகராஜா தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்திலிருந்து அகதியாகப் போய் அந்த ஆலையில் சேர்ந்தவர். அங்கே ஆறு மாதம் நிலத்தில் பனி கிடக்கும். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் ஐஸ் ஹொக்கி விளையாடினார்கள், லக்‌ஷனும் விளையாடினான். மற்றப் பிள்ளைகள் ஒவ்வொருவராக விட்டுவிட்டார்கள். அவன் விடவில்லை. பதினாறு வயதில் ஹொக்கிக்கென்றே நடக்கும் உயர்பள்ளியில் இடம் கிடைத்து, முந்நூறு கிலோமீற்றர் தள்ளிப் போய்த் தனியே இருந்தான். பத்தொன்பது வயதில் நாட்டின் இரண்டாம் நிலை லீக்கில் சம்பளத்துக்கு விளையாடினான்.

அவன் தற்காப்பு ஆட்டக்காரன். எதிராளிகள் பக் என்கிற கறுப்பு ரப்பர் வில்லையோடு பாய்ந்து வரும்போது அவர்களை மறித்து, அதைப் பறித்து, தன்னுடைய ஆட்களிடம் சேர்ப்பது அவன் வேலை. பறிப்பதற்கு இரண்டு வழி உண்டு. தடியை நீட்டிப் பறிக்கலாம். அல்லது பக்கை வைத்திருப்பவனை உடம்பால் மோதி விழுத்தலாம். இந்த விளையாட்டில் அது குற்றமில்லை, அதற்கு 'செக்' என்று பெயர். லக்‌ஷன் தடிக்காரன். பக் எங்கே போகும் என்று மற்றவர்களைவிட ஒரு கணம் முந்தி அவனுக்குத் தெரிந்துவிடும். மோத வேண்டிய தேவை அவனுக்கு அதிகம் வந்ததில்லை.

இருபத்தொரு வயதில் அவனுடைய அணி அவனை விட்டது. கோச் அறைக்குள் கூப்பிட்டு, கதவைச் சாத்தி, மரியாதையாகவே சொன்னார். "நீ நன்றாக விளையாடுகிறாய். ஆனால் உன் பக்கத்தால் வருவதற்கு ஒருவனும் பயப்படுவதில்லை."

அந்த வசனத்தோடு லக்‌ஷன் ஒரு கோடை முழுவதும் இருந்தான். வேறு அணிகளில் இருந்து அழைப்பு வரவில்லை. கடைசியில் லண்டன் அணி ஒன்று அவனை எடுத்தது. இங்கிலாந்தில் அவன் வந்து சேர்ந்த லீக் சுவீடனைவிடக் கீழ்மட்டம். ஒவ்வோர் அணியிலும் இரண்டு மூன்று வெளிநாட்டுக்காரருக்கு மட்டுமே ஹொக்கி முழுநேரத் தொழில். மற்றவர்கள் பகலில் வேறு வேலைக்குப் போய், வார இறுதியில் விளையாடுபவர்கள்.

தென் லண்டனில் மிச்சம் என்கிற பகுதியில் இருந்த மாமி சிவகௌரியின் வீட்டு மேலறையில் அவன் தங்கினான். அவர் தியாகராஜாவின் தங்கை, கணவனை இழந்தவர், முதியோர் பராமரிப்பு இல்லம் ஒன்றில் வேலை செய்பவர். லக்‌ஷன் அவரிடம் அதிகம் பேசமாட்டான். பின்வளவில் நின்று இரும்பு தூக்குவான். சுவரில் தோளை இடித்து இடித்துப் பழகுவான்.

"என்ர சுவர் உனக்கென்னடா செய்தது?" என்று மாமி குசினி யன்னலால் கேட்பார்.

"பழகிறன், மாமி."

"என்னத்தை?"

"ஆக்கள் பயப்பிட."

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தைப் பார்க்க சுவீடனிலிருந்து ஒருவர் வந்திருந்தார். இளம் ஆட்டக்காரரைத் தேடி ஊரூராகப் போகிறவர். லக்‌ஷனை விட்ட அணியைவிடப் பெரிய அணி ஒன்றுக்கு வேலை செய்தார். மேலே மூன்றாம் வரிசையில், நீலச் சால்வையோடு அவர் இருப்பதை லக்‌ஷன் தொடக்கத்திலேயே கண்டுவிட்டான்.

இரண்டாம் பகுதி ஆட்டத்தில் எதிரணிப் பையன் ஒருவனுக்குப் பக் பிழையாக வந்தது. அது அவனுடைய சறுக்குக் காலணிகளுக்கு இடையில் சிக்கியது. அவன் தளத்தைச் சுற்றியிருக்கும் பக்கப்பலகையிலிருந்து ஒன்றரை மீற்றர் தூரத்தில், தலையைக் குனிந்து அதைத் தேடியபடி வந்தான். லக்‌ஷன் எதிரே வந்து, தோளால் அவனுடைய நெஞ்சில் மோதினான். பையன் பின்னோக்கித் தூக்கி எறியப்பட்டுப் பலகையின் அடிப்பாகத்தில் முதுகு அடிபட விழுந்தான். பார்வையாளர்கள் எழுந்து ஆரவாரித்தார்கள். லக்‌ஷன் பக்கை எடுத்துக்கொண்டு பத்து மீற்றர் போய்விட்டான். அதற்குப் பிறகுதான் ஆரவாரம் அடங்கிவிட்டதைக் கவனித்தான்.

திரும்பி வந்தபோது பையன் கண்களைத் திறந்தபடி கிடந்தான். பெயர் கேலம் என்று அவனுடைய அணிக்காரன் ஒருவன் சொன்னான். முதலுதவிக்காரர் முழங்காலில் இருந்து அவனுடைய தலையைப் பிடித்துக்கொண்டார்.

"என் கால் எந்தப் பக்கம் கிடக்கிறது?" என்று கேலம் அவரிடம் கேட்டான். அவன் குரலில் பயம் இருக்கவில்லை. தெரியாத ஒன்றைக் கேட்டு அறிகிறவனைப்போல் கேட்டான்.

அம்புலன்ஸ் வந்து அவனைக் கொண்டுபோக நாற்பது நிமிடம் ஆனது. ஆட்டத்தை நிறுத்திவிட்டார்கள்.

நெஞ்சுக்குக் கீழே முதுகெலும்பு நொறுங்கிப்போயிருந்தது. புதன்கிழமை சத்திரசிகிச்சை நடந்தது. இனி நடப்பான் என்று டொக்டர்மார் சொல்லவில்லை. கேலம் ஓர் எலெக்ட்ரீசியனிடம் தொழில் பழகுபவன், சம்பளம் இல்லாமல் விளையாடியவன் என்பதும் அந்த வாரம்தான் தெரிந்தது.

லீக்காரர் வீடியோவை நான்கு கோணத்தில் பார்த்துவிட்டு, மோதலில் தவறு இல்லை என்று அறிவித்தார்கள். அணியில் எல்லாரும் அதையே சொன்னார்கள். மனேஜர் மட்டும் அவனைத் தனியே கூப்பிட்டு, காப்புறுதிக்காரர் விசாரித்து முடியும்வரை அந்தக் குடும்பத்தோடு தொடர்பு வைக்கவேண்டாம் என்றார்.

வியாழக்கிழமை சுவீடனிலிருந்து தொலைபேசி வந்தது. பெரிய அணியின் இயக்குநர் பேசினார். ஜனவரியில் வந்து சேரும்படி கேட்டார். இரண்டு வருட ஒப்பந்தம். "நீ மென்மையானவன் என்று இங்கே சொல்லியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தவர் அப்படிச் சொல்லவில்லை." அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொன்னால் போதும் என்றார்.

ஒப்பந்தச் செய்தியைக் கேட்டுத் தியாகராஜா தொலைபேசியில் அழுதார். மகனுக்கு முன்னால் அவர் அழுதது அதுதான் முதல்தடவை. லக்‌ஷன் அடுத்த வெள்ளிவரை நேரம் இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

மாமி வேலையால் வந்து கோப்பி ஊற்றியபோது அவன் குசினிக் கதிரையில் இருந்தான்.

"மாமி, நான் அந்தப் பெடியனைப் போய்ப் பாக்கப்போறன்."

"மனேஜர் வேண்டாம் எண்டவரெல்லே?"

"ஓம்."

"அவையள் கேஸ் போட்டால் என்ன செய்வாய்? உன்ர விசா என்னாகும்? நீ வாயைத் திறந்து ஏதும் சொல்லி, அதை எழுதிவைச்சால்?" மாமி உண்மையாகவே பயந்துபோயிருந்தார். கடிதம் எது வந்தாலும், யாரிடமாவது காட்டாமல் பதில் எழுதக்கூடாது என்று முப்பது வருடமாகப் பழகிய பயம் அது. "அண்ணைக்குத் தெரியுமோ?"

"இல்லை."

"எல்லாரும் சரி எண்டுதானே சொல்லினம்? நீ ஏன் போறாய்?"

"அவைக்குத் தெரியாத ஒண்டு எனக்குத் தெரியும், மாமி."

அவர் அது என்னவென்று கேட்கவில்லை. கோப்பியை அவன் முன்னால் வைத்தார். பிறகு, "எங்கட இல்லத்தில ஆக்கள் சொந்தக்காரரைப் பாக்க வருவினம்," என்றார். "முதல் கிழமை வருவினம். பிறகு வரமாட்டினம். அந்தச் சனம் கதவைப் பாத்துக்கொண்டு கிடக்கும். ஒருக்காப் போயிட்டு நிப்பாட்டுறதெண்டா, போகாத."

சனிக்கிழமை காலை அவன் கொலியர்ஸ் வுட் நிலையத்தில் நோர்தேர்ன் லைன் நிலத்தடி ரயில் எடுத்து, லண்டனின் வடக்கு அந்தம்வரை போய், பிறகு பஸ் பிடித்தான். முதுகெலும்பு நோயாளருக்கான வார்ட்டில் கேலம் படுத்த நிலையில் இருந்தான். மெலிந்த முகம், இன்னும் மழிக்காத செம்பட்டைத் தாடி. தாய் ஜூலி பக்கத்தில் இருந்தார். லக்‌ஷன் தன் பெயரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. ஆனாலும் எழுந்து, "வந்ததற்கு நன்றி," என்று சொல்லிவிட்டு, தேநீர் வாங்கி வருவதாக வெளியே போனார்.

"நீதான் சுவீடன்காரன்," என்றான் கேலம். "கிளப் அனுப்பியதா?"

"இல்லை. வரவேண்டாம் என்றுதான் சொன்னார்கள்."

"எங்கள் ஆட்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். எல்லாரிடமும் ஒரே வசனம்தான். ஒருவர் மேலும் பிழை இல்லையாம்."

லக்‌ஷன் உட்காரவில்லை. ரயிலில் ஒழுங்குபடுத்தி வைத்திருந்த வசனங்கள் எல்லாம் போய்விட்டன. "நீ குனிந்திருந்தாய்," என்றான். "நீ என்னைக் காணவில்லை என்று எனக்குத் தெரியும். மோதுவதற்கு முன்னமே தெரியும். தோளைத் திருப்பிக்கொண்டு தடியால் பக்கை எடுத்திருக்கலாம். எனக்கு அது சுலபம். நான் திருப்பவில்லை."

கேலம் கூரையைப் பார்த்தபடி இருந்தான். "ஏன்?"

"என்னைப் பார்க்க ஒருவர் வந்திருந்தார். மேலே இருந்தார்."

வார்ட்டில் எங்கேயோ ஓர் இயந்திரம் கீச்சிட்டு நின்றது. கேலம் மூச்சை மெல்ல இழுத்து விட்டான்.

"நான் ஆறு நாளாக அதை விபத்து என்று நினைத்துக்கொண்டு கிடக்கிறேன்," என்றான். "அதுகூடக் கஷ்டமாகத்தான் இருந்தது. இப்போது நீ இதைச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் நித்திரை கொள்ளுவாய். நான் இதோடு இங்கே கிடக்கவேண்டும். அப்படித்தானே?"

லக்‌ஷனால் நின்ற இடத்திலேயே நிற்க முடியவில்லை, ஓர் அடி கட்டிலுக்குக் கிட்டப் போனான்.

"போ," என்றான் கேலம்.

வெளியே ஜூலி கையில் இரண்டு தேநீர்க் கோப்பைகளோடு வந்துகொண்டிருந்தார். "அவனிடம் என்ன சொன்னாய்?" என்று கேட்டார். லக்‌ஷன் அவருக்கும் அதைச் சொன்னான். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு அவனைக் கடந்து உள்ளே போய்த் திரைச்சீலையை இழுத்து மூடினார். இரண்டு கோப்பைகளும் அவர் வைத்துவிட்டுப் போன நடைபாதை யன்னல் விளிம்பில் இருந்தன.

வெள்ளிக்கிழமை அவன் இயக்குநருக்குத் தொலைபேசி எடுத்தான். வர விருப்பம், ஆனால் அந்த மாதிரி ஒரு செக்கை இனிச் செய்யமாட்டேன் என்றான். என்னைக் காணாதவனை மோதமாட்டேன், என்னைக் காண்கிறவனை மோதுவேன், அதற்கு மேலே என்னிடம் எதிர்பார்க்கக் கூடாது என்றான். இயக்குநர் கோபப்படவில்லை. "தடியால் விளையாடுகிற பையன்கள் எங்களிடம் நான்கு பேர் இருக்கிறார்கள், லக்‌ஷன்," என்றார். திங்கட்கிழமை ஒப்பந்தம் இல்லை என்று மின்னஞ்சல் வந்தது.

தகப்பனுக்கு அதைச் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது.

"றெஃபறி சரி எண்டவன். லீக் சரி எண்டது," என்றார் தியாகராஜா. "நீ ஒராள்தான் பிழை எண்டு நிக்கிறாய். உனக்கென்ன விசரோ?"

"அவை வீடியோவைப் பாத்தவை, அப்பா. நான் அவனைப் பாத்தனான்."

"என்னத்தைப் பாத்தனி?"

"அவன் குனிஞ்சு வந்ததை. எனக்கு நேரம் இருந்தது."

தகப்பன் தொலைபேசியை வைத்துவிட்டார் என்பது லக்‌ஷனுக்குச் சிறிது நேரம் கழித்துத்தான் விளங்கியது. அதன்பிறகு ஆறு வாரம் அவர் மகனோடு கதைக்கவில்லை. தாய்தான் தொலைபேசி எடுப்பார், சாப்பிட்டாயா என்று கேட்பார்.

ஆட்டம் தொடர்ந்தது. லக்‌ஷன் விளையாடினான், மோசமாக விளையாடினான். எதிராளி நெருங்கினால் கால் தானாகவே பின்வாங்கியது. பக் எங்கே போகும் என்று முந்தித் தெரிந்த அந்த ஒரு கணமும் இல்லாமல் போயிற்று. கோச் அவனைக் குறைந்த நேரமே விளையாடும் மூன்றாம் தற்காப்புச் சோடிக்கு இறக்கினார். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் ரயில் ஏறி அந்த வைத்தியசாலைக்குப் போனான். வரவேற்பில் பெயரைச் சொல்வான். தாதி உள்ளே போய்க் கேட்டு வந்து, இன்றைக்கு வேண்டாமாம் என்பார். அவன் திரும்பி வருவான். நத்தார் பண்டிகைச் சனிக்கிழமையும் அப்படித்தான். மாமி அவனிடம் ஒன்றும் கேட்பதில்லை. அவன் வரும்வரை அவர் சாப்பிடாமல் இருப்பதை அவன் கவனித்தான்.

ஜனவரி மூன்றாம் சனிக்கிழமை தாதி வந்து, "உள்ளே வரட்டாம்," என்றார்.

கேலம் சக்கர நாற்காலியில் இருந்தான். தாடி மழித்திருந்தான், தோள்கள் அகன்றிருந்தன. "உன்னிடம் அந்த வீடியோ இருக்கிறதா?" என்று கேட்டான். "அம்மா காட்டமாட்டாளாம். மனநல டொக்டர் நல்லதில்லை என்கிறார். நான் அதைப் பார்க்கவேண்டும். அங்கே நின்ற ஒருவனோடு பார்க்கவேண்டும்."

லக்‌ஷன் தொலைபேசியை எடுத்தான். இருவரும் குனிந்து பார்த்தார்கள். முதலில் முழுவேகத்தில், பிறகு மெதுவாக. நான்காம் தடவை கேலம் விரலை வைத்து நிறுத்தினான்.

"இங்கேயா நீ என்னைக் கண்டது?"

"இன்னும் கொஞ்சம் முன்னால்." லக்‌ஷன் படத்தைப் பின்னுக்கு இழுத்தான். "இங்கே."

கேலம் தொடர ஓடவிட்டு, வாய்க்குள் எண்ணினான். "ஒரு செக்கன்கூட இல்லை."

"அரை செக்கன் இருக்கும். எனக்கு அது போதும். நான் அதற்குத்தான் பழகியவன்."

"நான் தலையை நிமிர்த்தியிருக்க வேண்டும். ஆறு வயதிலிருந்து கோச்மார் கத்துவது அதைத்தான்." அவன் மறுபடியும் பார்த்தான். "நானாக இருந்தாலும் மோதியிருப்பேன் என்று உனக்குச் சொல்லலாம். நீ அதைக் கேட்கத்தான் ஒவ்வொரு சனியும் வருகிறாயோ தெரியாது. ஆனால் எனக்கு அது தெரியாது. எனக்கு உன்னளவு திறமை இல்லை. எனக்கு அந்த அரை செக்கன் கிடைத்ததே இல்லை."

"நான் அதைக் கேட்க வரவில்லை."

"அப்படியென்றால்?"

"மாமி சொன்னார், ஒருதரம் வந்துவிட்டு நிற்பாட்டக் கூடாதென்று."

கேலம் அவனை நிமிர்ந்து பார்த்தான். "அது ஒரு பதிலா?" என்றான். ஆனால் போகச் சொல்லவில்லை. இருவரும் கன்ரீனுக்குப் போனார்கள். மேசையின் உயரம் நாற்காலிக்குப் பொருந்தவில்லை என்று கேலம் திட்டினான். போகும்போது லக்‌ஷனிடம், "போன ஞாயிறு எத்தனை நிமிடம் விளையாடினாய்?" என்று கேட்டான். ஒன்பது என்றான் லக்‌ஷன். "அதுவே அதிகம். நான் இணையத்தில் பார்த்தேன். நீ ஓடி ஒளிகிறாய். மோதாமல் இருப்பதென்றால் மோதாதே, அதற்காக ஏன் வழிவிடுகிறாய்?"

பெப்ரவரியில் ஒருநாள், தன்னை நேராகப் பார்த்துக்கொண்டு வந்த ஒரு பெரிய ஆளை லக்‌ஷன் மறித்தான். இருவரும் சேர்ந்து விழுந்தார்கள். அந்த ஆள் எழுந்து பனியைத் தட்டிக்கொண்டு போனான். லக்‌ஷன் தளத்தோர வாங்கில் போய் இருந்தும் அந்த ஆள் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த முறை உள்ளே போனபோது அவ்வளவு பார்க்கவில்லை. பழைய ஆட்டம் முழுவதும் திரும்பவில்லை. ஆனால் கால்கள் பின்வாங்குவது நின்றது.

ஏப்ரலில் பருவம் முடிந்தது. அணி அவனோடு மறுபடி ஒப்பந்தம் செய்யவில்லை. கடைசி ஆட்டத்துக்குத் தியாகராஜா அறிவிக்காமல் சுவீடனிலிருந்து வந்து மாமியோடு இருந்து பார்த்தார். ஆட்டம் முடிந்து ட்ராமில் போகும்போது மகனோடு பெரிதாகக் கதைக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து ரொபி இனிப்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். படுக்கப் போகுமுன், "அந்தப் பிள்ளையை நானும் பாக்கலாமோ?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மூவரும் போனார்கள். மாமி மீன் ரோல்ஸ் சுட்டுக் கொண்டுவந்திருந்தார். கேலம் ஆறு சாப்பிட்டான். ஜூலியும் இருந்தார். லக்‌ஷனை அவர் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அதற்கு மேலே இன்னும் போகவில்லை.

தியாகராஜாவின் ஆங்கிலம் சுவீடிஷ் கலந்தது. அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு ஜூலிக்கு முன்னால் நின்றார். என்ன சொல்லவேண்டும் என்று வரும் வழியெல்லாம் யோசித்தவர், கடைசியில், "சின்ன வயதில் நான்தான் இவனைப் பயிற்சிக்குக் காரில் கொண்டுபோவேன்," என்றார். "ஒவ்வொரு காலையும். பத்து வருடம்."

ஜூலி அவரை நிமிர்ந்து பார்த்தார். "எத்தனை மணிக்கு?"

"நாலரை. பயிற்சி ஐந்தரைக்கு."

"எங்களுக்கு ஐந்து மணி. எங்கள் ஊரில் தளம் காலியாக இருப்பது அப்போது மட்டும்தான்." அவர் மூக்கைச் சுருக்கினார். "காருக்குள் அந்த மணம். அது போகவே போகாது."

"ஓ, கையுறை மணம்," என்றார் தியாகராஜா. "நான் கையுறையை வெளியே கட்டுவேன். காரின் பக்கக் கண்ணாடியில்."

ஜூலியின் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பாகத் தொடங்கி, வேறொன்றாக முடிந்தது. அவர் கதிரையை இழுத்துத் தியாகராஜாவை உட்காரச் சொன்னார். இருவரும் வெகுநேரம் கதைத்தார்கள். எந்தத் தளத்தில் தேநீர் நன்றாக இருக்கும், பிள்ளைகளின் கால் வளர வளர எத்தனை காலணிகள் மாற்றவேண்டி வந்தது என்றெல்லாம். கேலமும் லக்‌ஷனும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மாமி மிஞ்சிய ரோல்ஸைக் கடதாசியில் சுற்றித் தாதிமாருக்கென்று கொண்டுபோய்க் கொடுத்தார்.

மே மாதம் கேலம் வீட்டுக்குப் போனான். கதவுகளை அகலமாக்கி, கீழ்த்தளத்தில் அவனுக்கு அறை செய்திருந்தார்கள். தொழில் பழகிய இடத்தில் மின்சுற்று வரைபடம் போடும் வேலை கொடுத்தார்கள். அவனுக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் போகிறான். லக்‌ஷன் சுவீடனுக்குத் திரும்பி, தன் ஊரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் உள்ள மூன்றாம் நிலை அணியில் சேர்ந்தான். பகலில் ஆலையில் அரைநாள் வேலை. அவன் இனி மேலே போவான் என்று ஒருவரும் சொல்வதில்லை, அவனும் சொல்வதில்லை. கடந்த பருவத்தில் முப்பத்தாறு ஆட்டம் விளையாடினான். ஒவ்வோர் ஆட்டமும் முடிந்து உடை மாற்றும் அறைக்கு வரும்போது, எத்தனை நிமிடம் என்று கேட்டுக் கேலமிடமிருந்து செய்தி வந்திருக்கும். சில நாள் பதினெட்டு என்று லக்‌ஷன் பதில் எழுதுவான், சில நாள் பதினொன்று.